மாப்பிள்ளை சொல்ல எழுதியது

பிப்ரவரி 9

மாப்பிள்ளைக்கு,

நலமா? நான் இங்கே வந்து மூன்று மாதமாகிறது. இப்போதுதான் கடிதம் எழுதக் கை வந்தது. இவ்வளவு நாள் கழித்தா என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பாய், தெரியும். பிறந்த மூன்றாம் நாளே அந்த முறுக்கு உனக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தானே இந்தப் பெயரே வைத்தேன்.

குதிரைக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று கேட்காதே. அந்த வீட்டில் எனக்கு உன்னை விட்டால் எழுத ஆளில்லை. உன் முதலாளிக்கு ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்று பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான். உனக்குப் படிக்கத் தெரியாது என்று யாராவது படித்துக் காட்டினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இந்தக் குதிரை ஆஸ்பத்திரி பெரியது. ஒரே நேரத்தில் இருபது குதிரை படுக்கலாம். என்னோடு ஆறு நர்ஸுகள். மாடியில் துணி துவைக்கும் அறைக்கு மேலே எனக்கு ஓர் அறை. கீழே இயந்திரம் ஓடினால் கட்டில் நடுங்கும். ஜன்னலைத் திறந்தால் முற்றத்தில் கட்டுப் போட்ட கால்களாக நடந்துகொண்டிருக்கும். குளிர் மட்டும் காதைப் பிய்க்கிறது.

உன் அம்மா சீமாட்டியின் தலைக்கயிறு என் பெட்டியில் இருக்கிறது. கேட்காமல்தான் எடுத்து வந்தேன். அவளைப் புதைத்த இடத்தில் புல் முளைத்துவிட்டதா? பத்து வருஷம் வளர்த்தவள் நான். நான் தேர்வுக்குப் போன ஒரே ஒரு நாளில் ஊசி போட்டு முடித்து, திரும்பி வருவதற்குள் மண்ணையும் மூடிவிட்டவரிடம் இதைக் கேட்கவில்லை. உன்னைத்தான் கேட்கிறேன்.

உன் அக்கா


பிப்ரவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. குளம்பில் பேனா நிற்கவில்லை. ஆகவே தையற்கடைக்காரரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நானும் அவரும். பக்கத்துத் தெரு அத்தை வாரம் ஒரு முறை வந்து அவரிடம், "குதிரையோட பேசிப் பேசி உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போகிறார். நான் தலையாட்டுகிறேன்.

அம்மா இருக்கும் இடத்தில் புல் நன்றாக வந்திருக்கிறது. என்னை அங்கே மேய விடுவதில்லை. ஒரு முறை வாய் வைத்ததற்குக் கடைக்காரர் இன்ச் டேப்பாலேயே ஒரு போடு போட்டார்.

எனக்கு ஒரு குறை. என் தானியப் பெட்டி மூடிமேல் இவர் ஒரு கருங்கல்லைத் தூக்கி வைத்திருக்கிறார். நீங்கள் பஸ் ஏறிய மறுநாளே வைத்தது. தீனி போட வரும்போதெல்லாம் அதை இறக்கி ஏற்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுகிறார். நான் என்ன செய்தேன்?

(எழுதுபவர் குறிப்பு: குளிர் என்று எழுதியிருந்தது. கனமான துணி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். தோள், மார்பு, கை நீளம் எழுதி அனுப்பினால் கோட்டு தைத்துவிடலாம். பழைய அளவு இருக்கிறது. ஆள் இளைத்திருக்கும்.)

மாப்பிள்ளை
தாளின் மூலையைக் கடித்திருப்பதுதான் என் கையெழுத்து.


மார்ச் 24

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை இங்கே எல்லோருக்கும் காட்டினேன். கடித்த மூலையைப் பார்த்து எங்கள் பெரிய டாக்டர், "முன்பல் ஒழுங்கா இருக்கு" என்று சான்றிதழே கொடுத்துவிட்டார்.

இங்கே உன்னைப் போலவே ஒருவன் இருக்கிறான், பந்தயக் குதிரை. மருந்தைத் தீனியில் கலந்தால் தீனியை மட்டும் தின்று மருந்தைத் தொட்டியின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறான். நான் கிட்டே போனால் என் தொப்பியைக் கழற்றித் தண்ணீரில் போடுகிறான். அன்பு காட்டுகிறானாம். உனக்கு யாரும் சொல்லித் தராமலே சட்டைப் பையில் இருக்கும் கைக்குட்டையை உருவத் தெரியுமே, அந்தக் கதையைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

எழுதுபவருக்குச் சொல்லிவிடு. கோட்டு வேண்டாம். இங்கே கடையில் கிடைக்கிறது.

உன் அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துக் காட்டினார். கோட்டு என்கிற வரி வந்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். இரண்டாம் முறையும் அதேதான் எழுதியிருந்தது.

துணி அலமாரியில் இருக்கிறது. அந்து விழாமல் பார்த்துக்கொள்கிறார்.

சவாரிப் பள்ளியிலிருந்து வேலை நிறைய வருகிறது. எட்டுக் கால்சட்டை, எல்லாம் குதிரை ஏறுகிறவர்களுக்கு. முட்டியில் தோல் வைத்துத் தைக்கிறார். தைத்ததை எனக்கும் காட்டுகிறார். தோல் வாசனை எனக்குப் பிடிக்காது என்று இன்னும் அவருக்குப் புரியவில்லை.

வெயிலில் என் முதுகு நன்றாக மின்னுகிறது. தினமும் காலையில் தேய்க்கிறார். நீங்கள் தேய்ப்பது போல இல்லை. காதுக்குப் பின்னால் மறந்துவிடுகிறார். அங்கே நீங்கள்தான் சொறிவீர்கள் என்று நானும் நினைவுபடுத்துவதில்லை.

மாப்பிள்ளை


ஜூன் 20

மாப்பிள்ளைக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை. கோபமில்லை. எழுத வரவில்லை.

போன வாரம் ஒரு பெண்குதிரையைக் கொண்டுவந்தார்கள். உன் அம்மா வயதிருக்கும், அதே போல நெற்றியில் வெள்ளை. தானிய அறைக்குள் புகுந்து வயிறு முட்டத் தின்றிருக்கிறாள். வயிறு உப்பிக் குடல் முறுக்கிக்கொண்டது. எங்கள் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தமென்று இந்த ஏழு மாதத்தில் தெரிந்துவிட்டது. குதிரைக்குச் சொந்தக்காரி வெளியூரில் இருந்தாள். நான் வருகிற வரைக்கும் ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று போனில் அழுதாள். சரி என்று காத்திருந்தோம். நாலு மணி நேரம். குதிரையின் தலையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த நாலு மணி நேரத்தைப் பற்றி உனக்கு எழுத மாட்டேன். நீ குதிரை, உனக்கு அது வேண்டாம்.

காத்திருந்திருக்கக் கூடாது, மாப்பிள்ளை. யாருக்காகவும் காத்திருந்திருக்கக் கூடாது. இதை நான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லாதே. முக்கியமாக, உனக்கு எழுதித் தருகிறவரிடம்.

அந்தச் சொந்தக்காரி வந்ததும் செத்துக்கிடந்த குதிரையைக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, "கதவை நான்தான் சாத்தாம விட்டுட்டேன், நான்தான் சாத்தாம விட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் தோளைத் தொடப் போனவள், தொடாமலே கையை இழுத்துக்கொண்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் பெட்டிமேல் எதற்குக் கல்? நான் இருந்த வரைக்கும் அங்கே கல் கிடையாதே.

உன் அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

கல் எலிக்காக. இங்கே எலித் தொல்லை.

வேறு விசேஷமில்லை. மழை வரும்போலிருக்கிறது. கடைக்கூரையைப் பார்த்து இவர் இப்போதே கவலைப்படுகிறார். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். வேலைக்கு நடுவில் நேரத்துக்குச் சாப்பிடவும்.

மாப்பிள்ளை


ஜூலை 29

மாப்பிள்ளைக்கு,

எலிக்கு இவ்வளவு பெரிய கல்லா? எலி பெட்டியைக் குடையும், கொக்கியைத் தூக்காது. உன் எழுத்தர் தையலில் கெட்டி, பொய்யில் கத்துக்குட்டி. இவ்வளவு சின்னக் கடிதம் அவர் எழுதியதே இல்லை.

நானே சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாதது. உன்னிடம் சொன்னால் அது எங்கே போகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

தேர்வுக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் சாயந்திரம் உங்களுக்குத் தீனி போட்டது நான். காலை பஸ், துணி எடுத்து வைக்கவில்லை, படித்தது மறந்துவிட்டது என்று ஒரே பரபரப்பு. பெட்டியை மூடினேன். கொக்கி போட்டேனா? பஸ்ஸில் பாதி வழியில் அந்தக் கேள்வி வந்தது. போட்டிருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். தினம் போடுகிற கைதானே. ஆனால் போட்டது நினைவில்லை. இன்றுவரை நினைவில்லை. உன்னைத் தடுப்புக்கு உள்ளே அடைத்திருந்தோம். உன் அம்மாவுக்குக் கால் பிடித்துக்கொள்ளும் என்று அவளை மட்டும் லாயத்து நடையில் அவிழ்த்தே விட்டிருந்தோம். பெட்டி அந்த நடையில்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது அவர் வாசலிலேயே நின்று, "ஈரப்புல்லு தின்னுட்டா, வயிறு உப்பிப்போச்சு" என்றார். எனக்கு அந்த நொடியில் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று தோன்றியது. அந்த அப்பாடாவை மறைக்கத்தான் அப்படிக் கத்தினேன். ஏன் காத்திருக்கவில்லை, ஏன் போன் செய்யவில்லை, நீங்கள் மனுஷனா என்று தெரு கேட்கக் கத்தினேன். அதற்குப் பிறகு நான் கிளம்புகிற வரை ஒரு மாதம் சாயந்திரத் தீனியை அவரே போட்டார். என்னைப் பெட்டிப் பக்கம் விடவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்துவிடக் கூடாது என்றுதான் கோபத்தை விடாமல் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

எழுத்தரைக் கேள், மாப்பிள்ளை. அன்று காலையில் கொக்கி எப்படி இருந்தது? எலிக் கதை வேண்டாம்.

அக்கா


செப்டம்பர் 3

மாப்பிள்ளைக்கு,

ஐந்து வாரமாகிறது. உன் எழுத்தர் வேலையை விட்டுவிட்டாரா? அல்லது பதில் சொல்ல வேண்டாம் என்பதுதான் பதிலா?

இங்கே மறுபடியும் குளிர் தொடங்கிவிட்டது. கடையில் கோட்டு வாங்கினேன். தோளில் பிடிக்கிறது.

அக்கா


செப்டம்பர் 21

அன்புள்ள மகளுக்கு,

இது குதிரை சொல்லி எழுதியதில்லை. நானே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டப் போவதுமில்லை. புகாரே அவன்மேல்தான்.

உன் ஜூலைக் கடிதத்துக்கு நாலு தரம் பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். பொய் எழுத உட்கார்ந்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயம். உண்மையை எழுதினால் அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கிற பெண் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று பயம். உன் செப்டம்பர்க் கடிதம் வந்த பிறகும் பேசாமல்தான் இருந்தேன். அது தப்பு.

அன்று காலை நான் போனபோது கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. மூடி திறந்திருந்தது. சீமாட்டி நடையில் கிடந்தாள். நீதான் மறந்துவிட்டாய் என்று உடனே நினைத்தேன், மறைக்க மாட்டேன். உன்மேல் கோபம்கூட வந்தது. நீ பஸ் ஏறிய பிறகு, நானும் மறந்துவிடுவேனோ என்று பயந்துதான் அந்தக் கல்லை வைத்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பிழைக்க மாட்டாள், வலி மட்டும் ஏறிக்கொண்டே போகும் என்றார். "பொண்ணுக்குப் போன் பண்ணுங்க" என்றார். நீ தேர்வு மேஜையில் இருப்பாய். வேண்டாம், ஊசியைப் போடுங்கள் என்றேன். அவள் தலை என் மடியில்தான் இருந்தது. உன் பேரைச் சொன்னேன், காதை அசைத்தாள். இதை அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல ஆரம்பித்தால் மற்றதும் வாயில் வந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

நீ கத்தினாய். கத்தட்டும் என்று இருந்தேன். உன் அம்மா இறந்த வருஷம் இந்த வீட்டுக்கு வந்த குதிரை அது. எட்டு வயதில் நீ அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது எனக்கு மறக்காது. உன் கையாலேயே அது போனது என்று உனக்குத் தெரிவதைவிட, என் கையால் போனது என்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. இவ்வளவுதான் என் கணக்கு. நீ எழுதவே மாட்டாய் என்பதை அதில் சேர்க்க மறந்துவிட்டேன்.

இப்போது கேள். போன வாரம் நல்ல மழை. கடைக்கூரை ஒழுகியது. தார்ப்பாய் போர்த்தினேன், காற்றில் நிற்கவில்லை. கனமாக வேறு எதுவும் கிடைக்காமல் பெட்டிமேல் இருந்த கல்லைக் கொண்டுபோய்க் கூரைமேல் வைத்தேன். கடைக்குள் ஈரம் என்று கைவேலையை லாயத்து நடைக்கு எடுத்து வந்தேன். சவாரிப் பள்ளி வாத்தியாரின் கோட்டு. பொத்தானுக்கு முன்பக்கம் நாலு, கைக்கு மூன்று மூன்று, மொத்தம் பத்துக் காஜா. காஜா எடுக்கும்போது நான் அசைய மாட்டேன், உனக்குத் தெரியும். ஏழாவது காஜாவில் இருந்தேன். நான் அங்கே இருப்பதையே மாப்பிள்ளை மறந்துவிட்டான் போலிருக்கிறது.

தடுப்புக் கட்டைக்கு மேலே கழுத்தை நீட்டினான். மேலுதட்டைக் கொக்கிக்கு அடியில் கொடுத்துத் தூக்கினான். மூக்கால் மூடியைத் தள்ளினான். உன் கைக்குட்டையை உருவுவானே, அதே நிதானம். பிறகு தலையை உள்ளே விடப் பார்த்தான், கட்டை மார்பில் இடித்தது. எட்டவில்லை. நடையில் நிற்கிறவளுக்குத்தான் எட்டும்.

ஊசி என் விரலில் ஏறியதுகூட அப்புறம்தான் தெரிந்தது. மூடிக் கொக்கியை மாட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி திறந்தான். அவன் அம்மாவுக்குப் பெட்டியைத் திறந்து கொடுத்திருக்கிறான், பாவி. அவனை அடிக்கலாம் என்று எழுந்து போய், அவன் கழுத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

நீ கொக்கி போட்டிருக்கிறாய். பதினோரு மாதமாக என் பெண்ணைத் தப்பாக நினைத்துவிட்டேன். மன்னித்துவிடு.

புதுப் பூட்டு ஒன்று வாங்கிவிட்டேன். மழை விட்டதும் மாட்டிவிடுகிறேன்.

உன் அப்பா


அக்டோபர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த இரண்டு சொல்லை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். கீழே துவைக்கும் இயந்திரம் இரண்டு தடவை ஓடி முடிந்துவிட்டது.

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள். முதல் முறை படித்து அழுதேன். இரண்டாம் முறை சந்தேகம் வந்தது. நான் கேட்கிறேன், ஏழு வாரம் நீங்கள் பேசவில்லை, பிறகு சரியாக மழை பெய்கிறது, சரியாகக் கல் கூரைமேல் போகிறது, சரியாக மாப்பிள்ளை திறந்து காட்டுகிறான். ஈரப்புல் என்று சொன்ன அதே வாய்தானே இது? எனக்காக ஒரு முறை பொய் சொன்னவர் இன்னொரு முறை சொல்ல மாட்டார் என்று என்ன நிச்சயம்?

மூன்றாம் முறை படிக்கும்போது பத்துக் காஜா கண்ணில் பட்டது. ஏழாவதில் இருந்தீர்கள் என்பதும். எலிக்கு நீங்கள் ஒரு வரிதான் கொடுத்தீர்கள். இதற்கு ஏழாவது காஜாவரை கொடுத்திருக்கிறீர்கள். அதனால் நம்பினேன். நாலாம் முறை மறுபடி சந்தேகம். இப்படியே போய்க்கொண்டிருக்கிறது.

ஒன்று மட்டும் சந்தேகமில்லை. நீங்கள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஜூன் மாதம் நானும் அப்படி உட்கார்ந்திருந்தேன், நாலு மணி நேரம். நீங்கள் அவளை அவ்வளவு நேரம் துடிக்க விடவில்லை. அதற்காக உங்களை வாசலில் நிறுத்திக் கத்தினேன். மன்னிப்பு நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நான்தான் கேட்க வேண்டும். என்னை மன்னித்துவிடுங்கள், அப்பா.

டிசம்பர் பத்தாம் தேதி வருகிறேன். பதினைந்து நாள் லீவு. சீமாட்டியின் கயிற்றையும் எடுத்து வருகிறேன், அது இருந்த ஆணியிலேயே மாட்டிவிடலாம். அதுவரைக்கும் பூட்டு போடாதீர்கள். தானியத்தைப் பரண்மேல் வைத்துவிட்டுக் காலிப் பெட்டிக்குக் கொக்கியை மட்டும் போட்டு வையுங்கள். நாம் இரண்டு பேரும் நடையில் அசையாமல் உட்காருவோம். நீங்கள் காஜா எடுங்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவனை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆள் பார்க்க வந்திருக்கிறது என்று தெரிந்தால் முறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவான். பதினைந்து நாளும் கொக்கியைத் தொடாமலே இருந்துவிடுவான். அப்படியே இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு உங்களோடு உட்கார வேண்டும்.

கோட்டுக்கு அளவு இதில் எழுதவில்லை. வந்து நிற்கிறேன், நீங்களே எடுங்கள்.

உங்கள் மகள்